வெறுங்கூண்டும் ஒரு கணக்கு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அயலிலிருந்து வந்து பரவும் நண்டுகளைக் கடற்கழிகளில் கூண்டு வைத்துப் பிடித்து அகற்றும் குழுவொன்றில் நீங்கள் பணியாற்றிய ஆண்டுகளைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடல் உயிரியலில் முதுகலைப் படிப்பை முடிக்கவிருக்கிறேன். அதே போன்ற ஒரு குழுவில் ஆறு மாத வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. ‘இவ்வளவு படித்தது நண்டு பிடிக்கவா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறுத்துவது உங்கள் கட்டுரையில் இருந்த ஒரு வரி. ஐரோப்பியப் பச்சை நண்டு ஒரு பரந்த கடற்கரையில் வேரூன்றிவிட்டால் அதை அடியோடு ஒழிப்பது இயலாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஆயிரக்கணக்கில் அவற்றைக் கொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது? முடிவில்லாத வேலையைச் செய்வதில் உங்களுக்குச் சலிப்பு வரவில்லையா? கொல்லத்தான் வேண்டுமென்றால், உணவாக்கி விற்றுவிடலாமே? கூலி கொடுத்து ஆள் வைக்காமலே வேலை முடிந்துவிடுமே?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கேள்விகள் எல்லாம் கொல்வதைச் சுற்றியே வருகின்றன. எண்ணுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிழை என்னுடையதுதான். பிடித்ததைப் பற்றி விரிவாக எழுதிய நான், எண்ணியதைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். ஆனால் இந்த வேலையில் பகற்பொழுதின் பெரும்பகுதி எண்ணுவதிலும் அளப்பதிலும் எழுதுவதிலுமே கழிகிறது.

என் முதல் பருவத்தின் தொடக்கத்தில், கடல்நீர் வடியும் வற்றம் விடியற்காலையில் வந்த ஒரு நாளில், முழங்கால் வரை புதையும் சேற்றில் நடந்து, முந்தைய நாள் வைத்துவிட்டு வந்த கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு முனைகளிலும் ஒடுங்கிய வாய் கொண்ட, மடக்கக்கூடிய வலைக்கூண்டுகள் அவை. நடுவில் துளையிட்ட குப்பியில் மீன் துண்டு இருக்கும். ஒன்றிலும் பச்சை நண்டு இல்லை. அந்தக் கரைக்கே உரிய சிறு நண்டுகளும் சில மீன்களும் இருந்தன. அவற்றை எண்ணி நீரில் விட்டோம். பச்சை நண்டுக்குரிய கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டிருந்ததைக் கண்ட குழுத்தலைவர், ‘சுழியத்தை எழுதாவிட்டால் இன்று நாம் இங்கே வரவே இல்லை என்றுதான் பொருள்’ என்றார். அன்று நான் எழுதிய சுழியங்கள் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தன.

அந்தச் சுழியங்களின் மதிப்பு, நண்டு எப்படிப் பரவியது என்று பார்த்தால் விளங்கும். வட அட்லாண்டிக்கின் ஐரோப்பிய, வட ஆப்பிரிக்கக் கரைகளுக்கு உரிய இந்த நண்டு, 1817-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் பதிவானது. 1989-இல் அந்நாட்டின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து வடக்கே அதைக் கொண்டுசென்றது பெரும்பாலும் கடல்நீரோட்டம்தான். ஒரு பெண் நண்டு ஒருமுறைக்கு 1,85,000 முட்டைகள் வரை சுமக்கும். பொரிந்த குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரில் மிதந்தபின்தான் தரையிறங்கும். 1997–98 எல் நினோவின் வெதுநீர் வடக்கு நோக்கி ஓடியபோது, அந்த மிதவைக் குஞ்சுகள் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கழிமுகங்களையும் கனடாவின் மேற்குக் கரையையும் எட்டின. ஆனாலும் வாஷிங்டனின் உள்கடலான சேலிஷ் கடலின் அமெரிக்கப் பகுதி வெகுகாலம் தப்பித்திருந்தது. அங்கே தன்னார்வலர்கள் மாதந்தோறும் கூண்டு வைத்து, சுழியத்தையே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் சான் யுவான் தீவின் வெஸ்ட்காட் விரிகுடாவில் அவர்கள் கூண்டில் முதல் பச்சை நண்டு விழுந்தது. முந்தைய மாதங்களின் சுழியங்கள் இருந்ததால்தான், இது பழைய குடியா புதுவரவா என்ற கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிந்தது.

இப்போது உங்கள் முதற்கேள்வி: ஒழிக்க முடியாததை ஏன் கொல்ல வேண்டும்? இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த விடை, ஒரு தோல்வியின் கதை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஸ்டின்சன் கடற்கரையை ஒட்டி, சீட்ரிஃப்ட் என்ற செயற்கைக் கழி இருக்கிறது. கடலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிய சிறிய நீர்நிலை. முழுமையாக ஒழித்துப் பார்க்க இதைவிட ஏற்ற இடம் இல்லை. எட்வின் குரோஷோல்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் 2009-இல் அங்கே இறங்கினார்கள். தொடக்கத்தில் சுமார் 1,25,000 நண்டுகள் இருந்தன. ஆண்டுதோறும் கூண்டு வைத்து அகற்றி அகற்றி, 2013-இல் எண்ணிக்கையை 10,000-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2014-இல் அங்கே ஏறத்தாழ 3,00,000 நண்டுகள் இருந்தன.

காரணம் அயலிலிருந்து வந்த புதுக் கூட்டம் அன்று. பெரிய நண்டுகள் தம் இனத்துக் குஞ்சுகளையே தின்பவை. நம் கூண்டுகளில் விழுவதும் பெரும்பாலும் பெரிய நண்டுகள்தாம். சிறியவை வலைக்கண் வழியே வெளியேறிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் குஞ்சுகளின் கொலையாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அகற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த ஆண்டுக் குஞ்சுகள் தின்பாரில்லாமல் பிழைத்தன. ஆய்வாளர்கள் இதைத் தலை வெட்டினால் தலை முளைக்கும் கிரேக்கப் பாம்பின் பெயரால் ஹைட்ரா விளைவு என்கிறார்கள். நமக்கு நினைவுக்கு வரவேண்டியவன் நம் புராணத்து அசுரன் ரக்தபீஜன்; சிந்திய ஒவ்வொரு இரத்தத் துளியிலிருந்தும் எழுந்தவன் அவன்.

இந்தக் கதையைக் கேட்டதும், அப்படியானால் தொடாமல் விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆய்வாளர்கள் எடுத்த முடிவு அதுவன்று. ஒழிப்பு என்ற குறிக்கோளைக் கைவிட்டுவிட்டு, அந்த இடத்தின் மற்ற உயிர்கள் தாங்கக்கூடிய ஓர் அளவுக்குக் கீழே எண்ணிக்கையை நிறுத்திவைப்பதைக் குறிக்கோளாக்கினார்கள். ‘செயலளவில் ஒழித்தல்’ என்று அதைச் சொல்லலாம்: நண்டு இருக்கும், ஆனால் அதன் கேடு இருக்காது. எவ்வளவு பிடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வேகமோ ஆத்திரமோ சொல்லாது. தொடர்ந்து எழுதப்பட்ட கணக்கு மட்டுமே சொல்லும். நண்டை மட்டும் எண்ணினாலும் போதாது. கடற்புல் எவ்வளவு நிற்கிறது, மட்டிகளின் குஞ்சு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் எண்ண வேண்டும்; ஏனென்றால் இந்த நண்டு மட்டியைத் தின்பதோடு நிற்காமல், சேற்றைக் கிளறிக் கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது.

நீங்கள் படித்தவர், கூண்டின் கோணல் உங்களுக்கு இன்னும் விரிவாகவே தெரிந்திருக்க வேண்டும். சினை சுமக்கும் பெண் நண்டு அரிதாகவே இரை தேடிக் கூண்டுக்குள் வரும். குளிர்ந்த நீரில் எந்த நண்டும் அதிகம் நடமாடாது. எனவே இன்று கூண்டில் இருபது விழுந்தது என்பதற்கு, கழியில் நண்டு அதிகம் என்றும் பொருள் இருக்கலாம், வெயில் நன்றாக அடித்தது என்றும் இருக்கலாம். இதனால்தான் பிடிபட்ட மொத்தத்தை நாங்கள் பெருமையாகச் சொல்வதில்லை. நூறு கூண்டுக்கு எத்தனை என்றுதான் சொல்வோம். செய்திகளில் வருவது மொத்தம்தான். சேலிஷ் கடலில் லம்மி பழங்குடியினரின் கடற்குளத்தில் 2021-இல் 70,000-க்கும் மேற்பட்ட நண்டுகள் பிடிபட்டன. அதையடுத்து 2022 ஜனவரியில் வாஷிங்டன் ஆளுநர் நெருக்கடிநிலை அறிவித்து, ஆளும் பணமும் கிடைக்க வழி செய்தார். அந்த எண் வெளியே தெரிந்ததில் பயன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எண்பது கூண்டில் 500 விழுவதும் எண்ணூறு கூண்டில் 500 விழுவதும் ஒன்றல்ல என்பதை அறியாதவர் இந்த வேலையில் இருக்கக் கூடாது.

கொல்வதைப் பற்றி. பிடித்த நண்டுகளை உறையவைத்துக் கொல்வோம். குளிரக் குளிர அவை மெல்ல அசைவிழக்கும். அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்துவது எனக்கு ஒருநாளும் பழகவில்லை. அது பழகிவிட்டதாகச் சொன்ன ஒருவரோடு ஒரு பருவம் வேலை செய்தேன், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த நண்டு எந்தக் குற்றமும் செய்யவில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, பாரத்துக்கு ஏற்றிய கல்லிலும் நீரிலுமோ, கடற்பாசி சுற்றி அனுப்பிய தூண்டில் இரையோடோ, நாம்தான் அதைக் கொண்டுவந்தோம். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த நண்டும் மட்டியும் புல்லும் இந்த ஏற்பாட்டுக்கு இசைவு சொல்லவில்லை என்பது மட்டுமே நம் தரப்பு நியாயம். அது பெரிய நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குற்றவுணர்வை முழுக்கத் துடைத்துவிடும் அளவுக்குப் பெரியதன்று.

இதைவிட வருத்தமானது தவறான கொலை. பச்சை நண்டு எப்போதும் பச்சையாக இருக்காது; செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருக்கும். அந்தக் கரைக்கே உரிய நண்டுகளில் சில அசல் பச்சையாக இருக்கும். கண்ணுக்கு வெளியே இரு பக்கமும் ஐந்தைந்து முள் இருக்கின்றனவா என்று எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். நிறத்தை நம்பி, நல்லெண்ணத்தோடு, அந்தக் கரைக்கு உரிய நண்டுகளை மிதித்துக் கொன்ற உற்சாகிகள் உண்டு. இதனால்தான் வாஷிங்டன் மாநிலத்தில், ஐயமான நண்டைக் கண்டால் கொல்லாமல் படம் எடுத்து அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

உணவாக்கி விற்பதைப் பற்றி நீங்கள் கேட்டதை எல்லோரும் கேட்கிறார்கள். கையகலத்தைத் தாண்டாத இந்த நண்டில் சதை குறைவு, உழைப்பு அதிகம். அதைத் தீர்த்துவிட்டாலும் இரண்டு சிக்கல்கள் மிஞ்சும். சந்தைக்கு வேண்டியது பெரிய நண்டு. பெரியதை எடுத்துவிட்டுச் சிறியதை விடுவதுதான் சீட்ரிஃப்டில் நடந்தது. அடுத்து, ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால் அது தீர்ந்துபோவதை அதை விற்பவர் விரும்பமாட்டார். உயிருள்ள நண்டு வாளியில் ஏறி அடுத்த விரிகுடாவுக்குப் போகவும் தொடங்கும். நண்டு 200 ஆண்டுகளாகக் குடியிருக்கும் அட்லாண்டிக் கரையில் சமைக்கட்டும், தூண்டிலில் கோக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நியூ ஹாம்ப்ஷயர் வடிசாலை ஒன்று 2022-இல் பச்சை நண்டைச் சேர்த்து விஸ்கியே வடித்தது. நான் குடித்துப் பார்க்கவில்லை. ஆனால் நேற்றுத்தான் முதல் நண்டு வந்த கரையில் அதற்குச் சந்தை அமைப்பது, என் கணிப்பில், வந்தவனுக்குப் பட்டா எழுதிக் கொடுப்பது.

ஒட்டுண்ணியை ஏவலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் இருந்தது. நண்டின் உடலுக்குள் வேர்போலப் படர்ந்து அதை மலடாக்கும் சாக்குலினா என்ற உயிரியைச் சோதித்தார்கள். ஆய்வகத்தில் அது உள்ளூர் நண்டுகளையும் தொற்றியது. நல்லவேளை, சோதனை ஆய்வகத்தோடு நின்றது.

கூலியில்லாத வேலையாள் வேண்டுமென்றால் ஒருவர் இருக்கிறார். கலிஃபோர்னியாவில் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் சுமார் 120 கடல்நீர்நாய்கள் வாழ்கின்றன. அவை ஆண்டுக்கு 50,000 முதல் 1,20,000 பச்சை நண்டுகள் வரை தின்பதாக அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள்; அங்கு நண்டு இப்போது பெரும் சிக்கலாக இல்லை. மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடப்பட்டு ஏறத்தாழ அழிந்துபோய், பாதுகாப்புச் சட்டங்களால் மீண்டு வந்த விலங்கு அது. நாங்கள் சேற்றில் தள்ளாடிச் செய்யும் வேலையை அது மல்லாந்து மிதந்தபடி செய்வதைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். எல்லாக் கரைக்கும் அதைக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரு நீர்நிலையின் பழைய வேட்டையாடிகளைக் காப்பதும் நண்டைக் கட்டுப்படுத்தும் வேலையில் அடங்கும் என்பதை அது காட்டிவிட்டது.

சலிப்பு வருமா என்றால், வரும். மூன்றாம் மாதத்தில், மழையில், கிழிந்த கையுறையோடு, நாற்பதாவது கூண்டில் அதே சிறு நண்டுகளை எண்ணும்போது வரும். அப்போது மனம் ‘சுமார் முப்பது’ என்று எழுதச் சொல்லும். நான் ஒருமுறை அப்படி எழுதினேன். அந்தத் தாளைப் பிறகு கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி நானே கேட்க வேண்டியிருந்தது; அந்த நாளுக்கான வரி இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

வேலையை ஏற்பதற்கு முன் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கூண்டில் விழும் மற்ற உயிர்களையும் பதிவு செய்கிறார்களா? பிடிப்பதை எந்த அளவில் நிறுத்துவது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் போய்ச் சேருங்கள். இடுப்பு வரை வரும் நீர்க்காப்புக் காலாடையை அவர்களே தருவார்கள். உங்கள் கால் அளவைவிட ஒரு எண் பெரியதாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு காலுறை போட வேண்டியிருக்கும். சேற்றில் சிக்கினால் காலை நேராக இழுக்காதீர்கள், குதிகாலை முதலில் அசைத்து விடுவியுங்கள்.

அன்புடன்.