எஞ்சின் ஓடுகிறது, பற்றரி ஏறவில்லை

முல்லைத்தீவின் அளம்பிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மீன்பிடிப் படகில் 40 குதிரைவலு எஞ்சின், பட்டன் ஸ்ரார்ட். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது பற்றரியும் விழுந்துவிட்டது. எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் விடியப்புறம் வலை ஏற்றும் நேரத்தில் லைற் மங்கி, ஜி.பி.எஸ் அணைந்து, கடைசியில் கயிறு இழுத்து ஸ்ரார்ட் பண்ணித்தான் கரைக்கு வர வேண்டியிருக்கிறதாம். ஸ்ரேற்றர், அதாவது பற்றரிக்குச் சார்ஜ் தரும் சுருள், போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தக் காசில் மிகச் சிறிய பங்கைக் கொடுத்து மின்சாரம் அளக்கும் ஒரு டிஜிட்டல் மீற்றர் வாங்குங்கள். அளக்காமல் சாமான் மாற்றி நட்டப்பட்டவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

எஞ்சின் நன்றாக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த ரக எஞ்சின்கள் பலவற்றில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சுருள் வேறு, பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் சுருள் வேறு. மேலே சுற்றும் பிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை கீழே இருக்கும் சுருளைத் தாண்டிச் சுற்றும்போது மாறுமின்னோட்டம் பிறக்கிறது. அதை ரெக்ரிபயர் நேர்மின்னோட்டமாக்கி, பியூஸ் வழியாகப் பற்றரிக்கு அனுப்புகிறது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் பற்றரியைக் கரையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்து, காலையில் அளவுங்கள். 12.6 வோல்ற் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். பிறகு ஸ்ரார்ட் பண்ணும்போது ஒருவரை மீற்றரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6க்குக் கீழே இறங்கினால் அந்தப் பற்றரியே ஆள் இல்லை. பல நாள் காலியாகக் கிடந்த பற்றரியின் தகடுகளில் வெள்ளைப் படிவம் பிடித்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. உங்கள் பிரச்சினைக்கு முதற்காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் அதனால் இப்போது இரண்டாவது பற்றரியும் செத்திருக்கலாம்.

அடுத்தது ஓட்டத்தில். படகைத் தண்ணீரில் கட்டி, ஒருவர் எஞ்சினைக் கொஞ்சம் முறுக்க, நீங்கள் பற்றரி முனையில் அளவுங்கள். தரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது, தண்ணீர் இழுக்கும் இறக்கை நிமிடத்தில் கருகும். வேகம் கூடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் வருகிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் வோல்ற்றைக் கட்டுப்படுத்தவில்லை, அல்லது உங்கள் எஞ்சினில் அது இல்லவே இல்லை. அப்போது பற்றரித் தண்ணீர் வற்றும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

சார்ஜ் சரியாக வந்தும் விடியப்புறம் லைற் மங்கினால் ஒரு கணக்குப் போடுங்கள். 50 வாட் லைற்றும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்து 5 ஆம்பியர் குடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு 8 மணி நேரம் வலையோடு கிடந்தால் 40 ஆம்பியர்-மணி. இந்த அளவு எஞ்சினில் 80 வாட் சுருள் இருந்தால், முழு வேகத்தில்கூட 6 ஆம்பியர்தான் தரும். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 12. நாற்பது எடுத்துப் பன்னிரண்டு வைத்தால் எந்தப் பற்றரியும் தாங்காது. இது பழுதே இல்லை, லைற்றை எல்.இ.டிக்கு மாற்றி, வாரத்தில் ஒருமுறையாவது கரையில் சார்ஜ் ஏற்றினால் தீரும்.

எஞ்சின் ஓடும்போதும் மீற்றர் 12.3லேயே நிற்கிறதா? பியூஸைக் கழற்றிப் பாருங்கள், அதன் கால்களையும் பாருங்கள். அப்புறம் வயர். நாயாற்றில் ஒரு வாடியில் இதே முறைப்பாடு. புது ஸ்ரேற்றர் போட்டும் பலன் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ரெக்ரிபயர் வாயில் 14.6, பற்றரி முனையில் 12.3. சிவப்பு வயரின் மேலுறை புதுசு மாதிரி மினுங்கியது. முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி உறையைக் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, கறுத்த இழைகள். இரண்டு விரலால் நசுக்க, பச்சைத் தூளாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் முனை வழியாக உறைக்குள் ஏறி அரித்திருந்தது. ஸ்ரேற்றருக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை.

ஆகவே எஞ்சின் ஓடும்போது மீற்றரின் ஒரு காலை ரெக்ரிபயர் வெளிவாயிலிலும் மற்றதைப் பற்றரியின் பொசிற்றிவ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நடுவில் வயர் தின்கிறது. நெகற்றிவ் பக்கத்தையும் எஞ்சின் உடலுக்கும் பற்றரிக்கும் நடுவில் அப்படியே பாருங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

வயரும் சரி என்றால்தான் சுருளுக்குப் போக வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சுருளிலிருந்து ரெக்ரிபயருக்கு வரும் இரண்டு வயர்களைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பச்சை அல்லது மஞ்சள் நிறம், எஞ்சின் கம்பனியைப் பொறுத்தது. இரண்டுக்கும் நடுவில் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். சுருள் எஞ்சின் உடலோடு இணையாமல் தனியாக இருக்கும் எஞ்சின்களில், எந்த வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவில் தொடர்பு இருக்கவே கூடாது. ஓடவிட்டு மாறுமின்னோட்ட அளவில் பார்த்தால் வேகத்தோடு வோல்ற் ஏற வேண்டும். ஏறினால் சுருள் நல்லது, பழி ரெக்ரிபயருக்கு. மீற்றரின் டயோட் அளவில் அது ஒரு பக்கம் மட்டுமே மின்சாரத்தை விட வேண்டும். இரண்டு பக்கமும் விட்டாலும், இரண்டு பக்கமும் அடைத்தாலும் அது போய்விட்டது.

ரெக்ரிபயரைக் கொல்வது அநேகமாக நாம்தான். பற்றரி வயர்களைப் பொசிற்றிவ், நெகற்றிவ் முனை மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் போகும். எஞ்சின் ஓட ஓட பற்றரி முனையைக் கழற்றி, சார்ஜ் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் லொறிக்காரர்களிடம் இருந்து வந்தது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுருள்தான் பழுது என்று மீற்றர் சொன்னால் மாற்றுங்கள். பிளைவீலை அதற்குரிய புல்லர் போட்டே கழற்றச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும்.

புது வயர் போடும்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயராக வாங்கி, முனையைச் சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் மூடி, கிறீஸ் பூசுங்கள். பற்றரிப் பெட்டியை அடித்தண்ணீர் தொடாத உயரத்துக்கு ஏற்றுங்கள். வாடைக்காற்றில் படகு கரையில் கிடக்கும் மாதங்களில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வையுங்கள். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள், எனக்கும் அனுப்புங்கள்.