கேழ்வரகோட தாய்வீடு: ஆப்பிரிக்க நாட்டு விதைகள் பத்தி கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். எத்தியோப்பியால ஒன்பது வருஷம் பிளான்ட் பிரீடிங் பாடம் எடுத்துட்டு இப்ப ஊரோட வந்து செட்டில் ஆயிட்டேன், ஆப்பிரிக்க விதை பத்தி கேளுங்கன்னு போன வாரம் வாய்தவறி சொன்னது தான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். எனக்கு நல்லா தெரிஞ்சது எத்தியோப்பியா, அடுத்தது கென்யா. ஆப்பிரிக்கான்னா 54 நாடு, எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டி "அங்கெல்லாம் எப்படி அக்கா"ன்னு கேட்டா எனக்கும் பதில் தெரியாது.

கூழ்ப்பானை: அக்கா தப்பா நினைக்காதீங்க, நம்மூர்லயே நாட்டு விதை அழிஞ்சுகிட்டு இருக்கு, ஆப்பிரிக்கா விதைய பத்தி நமக்கென்ன?

உங்க பேர்லயே பதில் இருக்கு தம்பி. அந்தக் கூழ்ல இருக்கற கேழ்வரகுக்கு பூர்வீகம் எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலம். கம்பு சஹாராவுக்கு தெக்க இருக்கற சாஹேல்ல இருந்து வந்தது, சோளம் சூடான் பக்கம், தட்டப்பயறும் ஆப்பிரிக்கா தான். எல்லாமே பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க வந்து, நம்ம ஆளுங்க கைல நூத்துக்கணக்கா ரகம் ஆயிடுச்சு, அதனால "அப்ப ராகி நம்மளுது இல்லையா"ன்னு யாரும் சண்டைக்கு வர வேணாம், நம்மளுதும் தான். ஆனா அவ்வளவு தூரம் வந்தது கைப்பிடி விதை, மிச்ச வகையெல்லாம் தாய்வீட்டுலயே தங்கிடுச்சு. அதான் கர்நாடகால மண்டியால ராகி லக்ஷ்மணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டு சேத்தப்ப விளைச்சல் அப்படி எகிறுச்சு. அந்த ரகங்களோட பேரே இண்டாஃப், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேந்த பேரு. கம்புலயும் அதே கதை, வடக்கு டோகோல சேகரிச்ச ஒரு நாட்டுக் கம்புல இருந்து ஹைதராபாத்ல இருக்கற இக்ரிசாட்ங்கற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையத்துல எடுத்த ரகம் 1988ல இந்தியால ரிலீஸ் ஆச்சு, இப்ப இரும்புச்சத்து ஜாஸ்தின்னு சொல்ற தனசக்தி கம்பு அதோட பிள்ளை. நாளைக்கு நம்ம ராகிக்கு புதுசா ஒரு நோய் வந்தா மருந்து தேடி முதல்ல போற இடம் அங்க தான்.

மேகலா: ஒரே நாட்டுல எப்படி மேடம் இவ்வளவு வகை இருக்கும்?

நிலம் அப்படிப்பா. எத்தியோப்பியால டனாகில்னு ஒரு பள்ளம், கடல் மட்டத்துக்கும் கீழ, வெயில் கொதிக்கும். அதே நாட்டுல ராஸ் டஷென் மலை 4500 மீட்டருக்கு மேல. நடுவுல ஒவ்வொரு சரிவுலயும் மழை வேற, மண்ணு வேற, பேச்சு வேற, சமையல் வேற. ரஷ்ய தாவர விஞ்ஞானி வாவிலோவ் 1927ல அங்க சுத்தி பாத்தார், பயிர்கள் பிறந்த உலக மையங்கள் லிஸ்ட்ல அதுக்கு தனி இடம் குடுத்தார். (அவ்வளவு விதை சேத்த மனுஷன் 1943ல ஸ்டாலின் ஜெயில்ல பட்டினில செத்தார்ங்கறது தனி சோகம்.)

ஆனா நிலம் மட்டும் காரணம்னு சொன்னா விவசாயிங்கள மறந்த மாதிரி ஆயிடும். அங்க சோளத்துக்கு இருக்கற பேருங்கள கேளுங்க, ஒரு ரகத்துக்கு அர்த்தம் "என் வாய்க்குள்ள பால்", இன்னொண்ணு "தேன் பீச்சும்". 1973ல அமெரிக்க பர்டியூ யூனிவர்சிட்டிக்காரங்க உலகம் பூரா இருந்து வந்த சோளத்த ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி, புரதத்துல இருக்கற லைசின்ங்கற அமினோ அமிலம் ஜாஸ்தியா இருக்கற ரெண்டே ரெண்டு ரகம் கண்டுபிடிச்சாங்க, ரெண்டும் எத்தியோப்பியா வொல்லோ பக்கத்து வயல்ல இருந்து போனது. விளைச்சல் கம்மின்னாலும் அத அங்க மத்த சோளத்துக்கு நடுவுல கலந்து விதைச்சு, பால் முத்துறப்பவே கதிர வாட்டித் திங்கறாங்க. நாக்குக்காக காப்பாத்தின விதை அது, லேப்ல எவனுக்கும் தெரியறதுக்கு முன்னாடியே. பார்லிலயும் அப்படித்தான், மஞ்சள் குட்டை வைரஸ் வந்து கலிஃபோர்னியா பார்லி தவிச்சப்ப அத தாங்கற ஜீன் கிடைச்சது எத்தியோப்பிய பார்லில.

வேலு மெக்கானிக்: ஜீன் பேங்க்னா பெரிய ஃப்ரிட்ஜ் தானே அக்கா?

என் வீட்டுக்காரரும் இதே தான் சொல்வாரு. பாதி சரி, நாட்டு விதைகள பல வருஷத்துக்கு பத்திரமா வெக்கற இடம் அது. விதைய முதல்ல காய வைக்கணும், வெயில்ல போட்டு இல்ல, 15 டிகிரி குளிர்ல காத்துல ஈரத்த உறிஞ்சி மெதுவா, உள்ள இருக்கற ஈரம் 5 சதவீதம் கிட்ட இறங்கற வரைக்கும். அப்புறம் காத்து புகாத அலுமினிய கவர், மைனஸ் 18 டிகிரி. ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா விதையோட ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, சூடு 5 டிகிரி குறைஞ்சா இன்னொரு ரெண்டு மடங்கு, இது பழைய தோராயக் கணக்கு. நம்ம பாட்டிங்க அடுப்புக்கு மேல கதிர கட்டி தொங்க விட்டாங்கல்ல, எத்தியோப்பிய கிராமத்துலயும் விதைக்கதிர் அடுப்புப் புகைல தான் தொங்கும், பூச்சியும் வராது ஈரமும் ஏறாது.

வேலை அதுக்கப்புறம் தான் ஆரம்பிக்குது. சில வருஷத்துக்கு ஒருக்கா முளைப்பு டெஸ்ட் பண்ணணும், முளைப்பு இறங்கினா வயல்ல விதைச்சு புது விதை எடுக்கணும், சோளம் மாதிரி பயிர்ல பக்கத்து ரகத்தோட மகரந்தம் கலக்காம கதிருக்கு கவர் போடணும். ஆயிரக்கணக்கான சாம்பிளுக்கு இத பண்ண ஆளும் டீசலும் வேணும். ஃபாரின் ஃபண்டுல பில்டிங் கட்டி ஃபோட்டோ எடுத்துப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு கம்ப்ரஸர் போனா மாத்த காசு இருக்காது, இந்த கூத்து ரொம்ப இடத்துல நடக்குது.

அப்புறம் ஃப்ரீசர்ல தூங்கவே மாட்டேங்கற பயிர் இருக்கு. காபி விதை நீண்ட நாள் தாங்காது, அதனால எத்தியோப்பியால ஜிம்மா பக்கம் சோச்சேல ஆயிரக்கணக்கான காபி வகைய செடியா நட்டு வெச்சிருக்காங்க, நம்ம குடிக்கற அரபிகா காட்டுச்செடியா வளர்ற மலை அதுக்கு பக்கத்துல தான். செடியா வெச்சா நோய் வரலாம், தீ பிடிக்கலாம், வேற வழி இல்ல.

சுபா திருச்சி: 1984 பஞ்சத்துல விதையெல்லாம் அழிஞ்சிருக்குமே?

எத்தியோப்பியாவ உலுக்கின பஞ்சம் அது, நிறைய போச்சு. விதை நெல்ல குத்தித் தின்னுட்டான்னு நம்ம ஊர்ல திட்டுவோம்ல, அங்க புள்ள உயிர் போகுதுங்கறப்ப விதைக்குன்னு வெச்சிருந்தத தின்னாங்க, வேற என்ன பண்ணுவாங்க. அதுக்கு மேல ஒரு ஆபத்து, வெளிநாட்டுல இருந்து நிவாரணமா வந்த தானியத்தையே மறுவருஷம் விதைச்சாங்க, அது அந்த மண்ணுக்கு ஒத்துக்கல, உள்ளூர் ரகத்தோட இடத்தையும் பிடிச்சுக்கும்.

இங்க மெலாகு வொரெடேன்னு ஒருத்தர பத்தி சொல்லியே ஆகணும். 1976ல ஜெர்மன் உதவியோட அடிஸ் அபாபால ஆரம்பிச்ச ஜீன் பேங்குக்கு சில வருஷத்துல டைரக்டரா வந்தார். பஞ்சம் அடிச்ச பக்கம் ஆள அனுப்பி மிச்சம் மீதி விதைய சேகரிச்சார், ஆனா அத ஃப்ரீசர்ல பூட்டிட்டு கைய தட்டிட்டு போகல. விவசாயிங்க வயலுக்கே திருப்பி அனுப்பி, அவங்களோட சேந்து நல்ல கதிரா பொறுக்கி, நாட்டு கோதுமையோட விளைச்சல கூட்டி, விதைய வருஷா வருஷம் வயல்லயே ஓட விட்டார். ஏன்னா ஃப்ரீசர்ல இருக்கற விதை, அது உள்ள போன வருஷத்தோட அப்படியே நின்னு போச்சு, வயல்ல இருக்கறது வறட்சி, பூச்சி, மழை எல்லாத்தையும் பாத்து மாறிட்டே இருக்கும். பேங்க் பேங்க்கா இருக்கணும்னா டெபாசிட் மட்டும் போதாதுல்ல, வித்ட்ராவலும் வேணும். 1989ல அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது குடுத்தாங்க, மாற்று நோபல்னு சொல்வாங்களே அது. நான் போனப்ப அவர் ரிட்டயர் ஆகி ரொம்ப காலம், ஆனா ஸ்டூடண்ட்ஸ் பாதி பேர் அவர் பேர சொல்லித்தான் இந்த சப்ஜெக்டுக்கே வந்தேன்னுவாங்க.

அறிவழகன்: போர் வந்தா இதெல்லாம் என்ன ஆகும்?

சூடான் நாட்ட பாருங்க. சோளத்துக்கு தாய்மண், தேசிய ஜீன் பேங்க் வாத் மதனிங்கற ஊர்ல, 17,000க்கு மேல சாம்பிள். 2023 டிசம்பர்ல, ராணுவத்தோட சண்டை போடற ஆர்எஸ்எஃப்ங்கற துணை ராணுவப் படை அந்த ஊர பிடிச்சுது, ஃப்ரீசர தூக்கிட்டு போயிட்டாங்க, விதை கவரெல்லாம் தரைல கொட்டிக் கிடந்துச்சு. ஃப்ரீசர் வித்தா காசு, உள்ள இருந்தது அவனுங்களுக்கு வெறும் தானியம். நல்லவேளையா எல் ஒபெய்த்ங்கற இன்னொரு ஊர்ல கொஞ்சத்துக்கு காப்பி இருந்துச்சு, நார்வே பனிமலைக்குள்ள 2008ல திறந்தாங்களே ஸ்வால்பார்ட் பெட்டகம், அதுலயும் ஒரு பங்கு ஏற்கனவே போட்டிருந்தாங்க. சம்பளம் கூட ஒழுங்கா வராத விஞ்ஞானிங்க குண்டு விழற நேரத்துல விதைய கட்டி அனுப்பி, 2025 பிப்ரவரில மறுபடி ஸ்வால்பார்ட் போய் சேந்துச்சு. அத படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

தமிழ்க்கனல்: வெள்ளைக்காரன் விதைய திருடிட்டு போய் பேட்டன்ட் வாங்கிடறான், எதுக்கு வெளிய குடுக்கணும்? பூட்டி வெக்க வேண்டியது தானே?

கோபம் நியாயம் தான். டெஃப்னு ஒரு குட்டி தானியம், இஞ்செரான்னு புளிச்ச தோசை மாதிரி ஒண்ணு சுடுவாங்க, எத்தியோப்பியாவோட சோறே அது. 2005ல ஒரு டச்சு கம்பெனி லாபத்துல பங்கு தர்றேன்னு ஒப்பந்தம் போட்டு டெஃப் விதை வாங்கிச்சு, 2007ல டெஃப் மாவு மேல ஐரோப்பிய பேட்டன்ட் அவங்க கைல, 2009ல கம்பெனி திவால், பேட்டன்ட் மட்டும் பத்திரமா வேற கம்பெனிக்கு மாறிடுச்சு. எத்தியோப்பியாவுக்கு வந்தது சில ஆயிரம் யூரோ. கடைசில இன்னொரு டச்சு கம்பெனியோட வந்த கேஸ்ல தான் 2018ல நெதர்லாந்தோட ஹேக் நகர கோர்ட் இதுல புதுசா கண்டுபிடிச்சது ஒண்ணுமில்லன்னு, அந்த நாட்டுக்குள்ள பேட்டன்ட் செல்லாதுன்னு தூக்கி எறிஞ்சுது.

ஆனா பூட்டி வெச்சா யாருக்கு நஷ்டம்னு யோசிங்க. எந்த ஆப்பிரிக்க நாடும் தன் விதைய மட்டும் வெச்சு சாப்பிடல, மக்காச்சோளமும் மரவள்ளியும் அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்தது, நாளைக்கு அதுல நோய் வந்தா இவங்களும் அடுத்தவன் ஜீன் பேங்க் வாசல்ல தான் நிக்கணும். அதான் 2001ல விதை ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், தட்டப்பயறுன்னு 64 பயிருக்கு ஒரு பொது கணக்கு வெச்சாங்க, யார் வேணா எடுக்கலாம், அதுல இருந்து ரகம் உண்டாக்கி மத்தவன் ஆராய்ச்சி பண்ண விடாம அடைச்சு வெச்சா விற்பனைல 0.77 சதவீதம் கட்டணும். டெஃப், காபி ரெண்டும் அந்த லிஸ்ட்லயே இல்ல. காகிதத்துல நல்லா தான் இருக்கு, அந்த வழியா வந்த காசு மட்டும் ரொம்ப சொற்பம், விவசாயி கைக்கு போனது அதுலயும் சொற்பம். உங்க கோபத்த அங்க காட்டுங்க.

நெல்லை ராஜா: கென்யால விதைய பக்கத்து வீட்டுக்கு குடுத்தா ஜெயிலாமே, உண்மையா?

சட்டத்துல அப்படித்தான் இருந்துச்சு. 2012ல திருத்தின விதைச் சட்டப்படி சான்று இல்லாத விதைய வித்தாலோ பகிர்ந்தாலோ ரெண்டு வருஷம் ஜெயில், இல்ல பத்து லட்சம் ஷில்லிங் வரைக்கும் ஃபைன். போலி விதைய தடுக்கத்தான்னு சொன்னாங்க. ஆனா அங்க சின்ன விவசாயிங்க விதைக்கறதுல பெரும்பங்கு சொந்தமா எடுத்து வெச்சதும் அக்கம்பக்கத்துல வாங்கினதும் தான், அத குத்தம்னு சொன்னா ஊரே குத்தவாளி. கொஞ்சம் விவசாயிங்க சேந்து 2022ல கேஸ் போட்டாங்க, 2025 நவம்பர்ல ஹைகோர்ட் அந்த பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு.

பிரியா: ஹைபிரிட், மாடர்ன் ரகம் எல்லாம் எதிரியா அக்கா?

இல்லவே இல்ல. சுடுமல்லின்னு ஒரு ஒட்டுண்ணி களை, சோளத்தோட வேர்ல உக்காந்து உறிஞ்சும், ஆப்பிரிக்கால அதால வயலே காலி ஆகும். எத்தியோப்பியால பிறந்த கெபிசா எஜெட்டா அதை தாங்கற சோள ரகங்கள உருவாக்கினார், 2009ல உலக உணவுப் பரிசு வாங்கினார். அந்த குணத்துக்கு அவர் தேடினது சோள வகைகளுக்குள்ள தானே, வகை இல்லேன்னா பிரீடர் எதை வெச்சு வேலை பாப்பான்.

கீரைக்கட்டு: சாப்பிட்டா தான் விதை பிழைக்கும்னு போன தடவை சொன்னீங்க, ஒரு உதாரணம்?

கென்யா கீரை. மணத்தக்காளி ஜாதில மனகு, நம்ம ஊர்ல ரோட்டோரம் யாரும் சீண்டாம கிடக்கற நல்வேளை, அங்க அதுக்கு சாகா, அப்புறம் தட்டப்பயறு இலை குண்டே. ஒரு காலத்துல ஏழை சாப்பாடு, களைச்செடின்னு ஒதுக்கி வெச்சு முட்டைக்கோஸ் பக்கம் போயிட்டாங்க, விதை கிழவிங்க கைல மட்டும் மிஞ்சுச்சு. 90கள்ல ஆராய்ச்சிக்காரங்களும் உள்ளூர் அமைப்புகளும் சேந்து விதைய தேடி, சத்து டெஸ்ட் பண்ணி, சமையல் குறிப்பு போட்டு, நைரோபி சூப்பர் மார்க்கெட் வரைக்கும் கொண்டு போனாங்க. இப்ப ஹோட்டல்ல உகாலியோட, அதாவது மக்காச்சோள மாவுக் களியோட, மனகு கேட்டு வாங்கறாங்க, கசக்கும், பால் ஊத்தி வேக வெச்சா சரியாயிடும். 2021ல யுனெஸ்கோ இந்த முயற்சிய நல்ல முன்மாதிரின்னு தன் பதிவேட்டுல சேத்துச்சு. நம்ம நல்வேளைக்கு இங்க யாரு இருக்கா, கேட்டா முகத்த சுளிக்கறாங்க.

ஷாகுல்: அடுத்த மாசம் வேலைக்கு அடிஸ் அபாபா போறேன் மேடம். லீவுல வரும்போது பெட்டில கொஞ்சம் கேழ்வரகு விதை, காபி விதை கொண்டு வரலாமா?

வேணாம் தம்பி. அந்த நாட்டு அனுமதி இல்லாம விதைய வெளிய எடுக்கறது தப்பு, இங்க பர்மிட் இல்லாம உள்ள கொண்டு வர்றதும் தப்பு, கூடவே எந்த பூஞ்சை ஏறி வருதுன்னு உங்களுக்கு தெரியாது. ஆராய்ச்சிக்குன்னா டெல்லில இருக்கற தேசிய தாவர மரபணு வளப் பணியகம் வழியா தான் வரணும். வறுத்த காபிக்கொட்டை தாராளமா வாங்கிட்டு வாங்க. அப்படியே தெக்க ஹவாசா பக்கம் போனா கோச்சோ சாப்பிட்டு பாருங்க. என்செட்னு வாழை மாதிரியே ஒரு மரம், பழம் திங்க முடியாது, தண்டையும் கிழங்கையும் சுரண்டி குழில போட்டு மாசக்கணக்கா புளிக்க வெச்சு ரொட்டி சுடுவாங்க. ரெண்டு கோடி பேருக்கு சாப்பாடு அது. எந்த ரகம் ரொட்டிக்கு, எது நாருக்கு, எது எலும்பு முறிஞ்சா குடுக்கன்னு அந்த வீட்டு பொம்பளைங்களுக்கு தான் தெரியும், கேட்டா தோட்டத்துக்கே கூட்டிட்டு போய் ஒண்ணு ஒண்ணா காட்டுவாங்க. வாசனை முதல்ல கொஞ்சம் குப்புனு அடிக்கும், மூக்க பொத்திடாதீங்க, வருத்தப்படுவாங்க.