கொல்லையில் ஒரு ‘ல்’

வணக்கம் ஐயா,

நாங்கள் பினாங்கில் ஊடகத்துறை டிப்ளோமா படிக்கும் நான்கு பேர். பாடப்பணிக்காக ஒரு திகில் படத்தின் தலைப்புக் காட்சியை மட்டும் எடுத்துத் தொகுக்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள். எங்கள் படத்தின் பெயர் ‘கொல்லைப்புறம்’. 1960களில் ஒரு ரப்பர்த் தோட்டம், லயத்து வீடு, பின்னால் ஒரு கிணறு. மூன்று இரவு கைப்பேசியில் எடுத்தோம். எல்லாம் புள்ளி புள்ளியாக, பொரிப்பொரியாக வந்திருக்கிறது. நல்ல கேமராவை வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா? விரிவுரையாளர் ‘செவன்’ படத்தின் தலைப்புக் காட்சியைக் காட்டி, அந்த மாதிரி வரவேண்டும் என்றார். எங்கள் முதல் தொகுப்பை இணைத்திருக்கிறேன்.

பி.கு.: தமிழ் எழுத்து மென்பொருளில் உடைந்து உடைந்து வந்ததால் தலைப்பை ஆங்கில எழுத்திலேயே போட்டுவிட்டோம். பார்க்கவும் அதுதான் எடுப்பாக இருக்கிறது.

ஒரு மாணவர், பட்டர்வொர்த், மலேசியா

*

அன்புள்ள தம்பி,

கைப்பேசியே போதும். வாடகைக் காசை மிச்சம் பிடியுங்கள். இருட்டைக் காட்டுவதற்காக இருட்டிலேயே போய் எடுத்ததால் வந்த பொரி அது. வெளிச்சம் பற்றாதபோது கைப்பேசி தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, ஏற்றிவிடும். அதைத் தொகுப்பில் வைத்து இன்னும் வெளிச்சமாக்கினால் பொரிதான் முதலில் மேலே வரும். சூரியன் இறங்கிய பிறகு வானத்தில் ஓர் இருபது நிமிடம் நீலம் நிற்கும், அப்போது எடுங்கள். கிணற்றுக்குப் பின்னால் ஒரு விளக்கை மறைத்து வையுங்கள். ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்ட வேண்டாம். பிறகு தொகுப்பில் இருட்டாக்கிக்கொள்ளலாம், பொரியும் சேர்ந்து அமுங்கிவிடும். வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60-இல் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும். உங்கள் சமையலறைக் காட்சியில் ஓடுவது அதுதான்.

கேமரா பற்றி இதற்குமேல் வேண்டாம். ரத்தம், கதவோரம் நிற்கும் வெள்ளைப் புடவை, கிணற்றிலிருந்து எழும் கை, மூன்றையும் எடுத்துவிடுங்கள். தலைப்பிலேயே பேயைக் காட்டிவிட்டால் படத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் பின்குறிப்பைப் பார்த்துத்தான். தமிழ் எழுத்து உடைந்ததாம், அதனால் ஆங்கில எழுத்தாம். நான்கு பேரில் ஒருவருக்குக்கூட ஏன் உடைகிறது என்று பார்க்கத் தோன்றவில்லையா? ஒரு கிணற்றுக்கு மூன்று இரவு விழித்தவர்கள், ஏழு எழுத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

‘கொல்லைப்புறம்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து: கொ, ல், லை, ப், பு, ற, ம். கணினிக்கு அதுவே பதின்மூன்று குறி. ககரம் தனி, ஒகரக் குறி தனி, லகரம் தனி, அதன் புள்ளி தனி. இவற்றைச் சேர்த்து எழுத்தாக்குவது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்து இயந்திரத்தின் வேலை. அது ஆங்கிலத்துக்கு என்று அமைக்கப்பட்டிருந்தால் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கொம்பு இடம் மாறும், புள்ளி எழுத்தைவிட்டு விலகி நிற்கும். பிரீமியர் தொகுப்பு மென்பொருளில் விருப்பத்தேர்வுகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே அடித்த தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். உடைப்பு நின்றுவிடும்.

நல்ல தமிழ் எழுத்துரு கிடைப்பதில்லை என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ஆப்பிள் கணினிகளோடு வரும் ‘தமிழ் சங்கம்’, ‘இணைமதி’ இரண்டையும் வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கூகுளின் நோட்டோ வரிசையில் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. துணைநடிகர் பெயர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றுக்கு இவை தாராளமாகப் போதும். (பெயர்களை அடையாள அட்டையில் இருப்பதுபோல, இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சேர்த்து நீட்டியிருக்கிறீர்கள். தமிழில் தலைப்பெழுத்து ஒன்று போதும்.)

இயந்திரத்தை மாற்றிய பிறகும் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, எழுத்திடைவெளி. ஆங்கிலத் திகில் படங்களில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள், அழகாக இருக்கும். தமிழில் அதே அளவைப் போட்டால் கொம்பும் காலும் ககரத்தைவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய், ‘கொ’ மூன்று துண்டாகத் தெரியும். இரண்டு, எழுத்தெழுத்தாகத் தோன்றவைக்கும் தட்டச்சு விளைவு. மென்பொருள் குறிகளைத்தான் எண்ணுகிறது. முதலில் ‘க’ வரும். அடுத்த நொடித்துளியில் கொம்பு முன்னால் வந்து விழ, ககரம் வலப்பக்கம் எகிறும். பிறகு ‘ல’ வரும், அதன் தலையில் பிந்தி ஒரு புள்ளி குதிக்கும். பயப்பட வேண்டிய இடத்தில் பார்ப்பவர் மனதுக்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார். கணினியில்தான் செய்வோம் என்றால், இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, ஏழு எழுத்தையும் ஏழு தொகுதியாகக் கட்டி, பின்னணி இல்லாத ஏழு பிஎன்ஜி படமாக எடுத்து, ஏழு அடுக்காகப் போடுங்கள். புள்ளி அதன் எழுத்தோடு ஒரே தொகுதியில் இருக்க வேண்டும்.

உங்கள் விரிவுரையாளர் காட்டிய 1995-ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பை வடிவமைத்தவர் கைல் கூப்பர். அதிலிருந்து நீங்கள் நடுக்கத்தையும் கீறலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்துருவின் மேல், படம் உடைந்து துடிப்பதுபோலக் காட்டும் ‘கிளிட்ச்’ வடிகட்டியைப் பூசியிருக்கிறீர்கள். அந்தப் படத்தின் எழுத்துகள் கையால் கீறப்பட்டவை. கிளிட்ச் தமிழில் முதலில் தின்பது புள்ளியை. ஆங்கில எழுத்தில் பாதியை மறைத்தாலும் வாசித்துவிடலாம். நம் மெய்யெழுத்தில் புள்ளி போனால் அது வேறு எழுத்து.

அந்த ஏழு எழுத்தை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டாவது எழுத்தை விரலால் மூடுங்கள். கொல்லை என்பதில் ‘ல்’ போனால் என்ன மிச்சம்? கொலை. ஒரு வீட்டின் பின்வாசலுக்கும் ஒரு கொலைக்கும் நடுவில் ஒரேயொரு மெய்யெழுத்து நிற்கிறது. உங்கள் கதையே அங்கே இருக்கிறது, தம்பி! ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், இது நடக்காது. அங்கே இரண்டு எல்லில் ஒன்று போனால் எழுத்துப்பிழை மாதிரித்தான் தெரியும்.

ஆகவே அந்த ‘ல்’ மட்டும் அணைந்து எரிய வேண்டும். மற்ற ஆறும் அசையக் கூடாது. அணைந்த இடத்தை மூடி எழுத்துகளை நெருக்கிவிடாதீர்கள், இடைவெளி அப்படியே கறுப்பாக இருக்கட்டும். புள்ளியும் அதோடு போக வேண்டும். புள்ளி மட்டும் அணைந்தால் ‘கொலலை’ ஆகிவிடும், அதற்குப் பொருளே இல்லை.

இதைக் கையால் செய்யுங்கள். ஏ4 அளவுப் படச்சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், கை கிழியாமல் இருக்க. மலிவான சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் இருக்கும். ஊசி பட்டால் அதில் கோடு விழுந்து வெளிச்சத்தில் தெரியும், அப்படியென்றால் பல்குத்தியால் கீறுங்கள். கறுப்பு போஸ்டர் கலரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து பூசுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சாயம் கண்ணாடியில் முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கிவிடும். முதல் பூச்சு குறுக்காக, அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்காக. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளை தெரிகிற இடமெல்லாம் தொட்டு அடையுங்கள். பூச்சு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கீறத் தொடங்குங்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் காய்ந்து மொறுமொறுப்பாகி, கோட்டின் ஓரம் செதில் செதிலாகப் பெயரும்.

கண்ணாடிக்கு ஒரு சாண் பின்னால் விளக்கு, நடுவில் இரண்டு தாள் பட்டர் பேப்பர். பேப்பர் இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் மங்கலுமாக விழும். சாயம் பூசிய பக்கத்திலிருந்தே எழுதி, அந்தப் பக்கத்திலிருந்தே படமெடுங்கள். எழுத்தும் திரும்பாது, கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியாது. கைப்பேசியை முக்காலியில் வைத்து, முக்காலியின் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமன் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு கோடு திறக்கும்போதும் வெளிச்சம் கூடி, கைப்பேசி தானே படத்தை மங்கவைக்கும், முன்னால் எழுதிய எழுத்துகள் எல்லாம் துடிக்கும். எந்த அளவில் பூட்டுவது என்று, முழுத் தலைப்பும் கீறிய வேறொரு கண்ணாடியை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓர் எழுத்துக்கு எட்டுப் படம், ஏழு எழுத்துக்கு 56. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 112 ஃபிரேம், நாலரை வினாடி. எழுதும் வரிசை கை எழுதும் வரிசையாக இருக்கட்டும்: கொம்பு, ககரம், பிறகு கால். திரையில் எழுதும் கை தெரிவதில்லை. ஆனால் பார்ப்பவரின் விரலுக்கு அடுத்த கோடு எங்கே போகும் என்று தெரியும், அதுவும் கூடவே எழுதும். அந்தக் கூட்டுறவைக் கெடுக்காதீர்கள். புள்ளியை ஊசியால் குத்தாதீர்கள், திரையில் காணாமல் போகும். பென்சிலின் மழுங்கிய முனையால், கோட்டின் அகலத்தில் ஒன்றரை மடங்காக வையுங்கள்.

கதை 1960களில் என்றால் ‘லை’யை இப்போதைய வடிவில் எழுதக்கூடாது. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். இங்கே நமக்கு அது அதற்கும் பிறகு வந்தது. அதற்கு முன்பு லை, ளை, ணை, னை நான்கிலும் ஐகாரம் தனியாக நிற்காது, யானைத் துதிக்கை மாதிரி எழுத்தின் முன்னாலேயே ஒட்டிச் சுருண்டிருக்கும். 1970களுக்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றில் பார்க்கலாம், வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கை அதை மறந்திருக்காது. கீறுவதற்கும் அதுதான் வசதி, ஊசியை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடியும். கணினி எழுத்துருவில் தேடி அலைய வேண்டாம்.

‘ல்’லின் இரண்டு பக்கமும் நான்கு மில்லிமீட்டராவது இடம் விட்டு எழுதுங்கள். எழுதி முடித்து முழுத் தலைப்பை ஒரு படம் எடுத்த பிறகு, கண்ணாடியின் பின்பக்கம் அந்த எழுத்துக்கும் புள்ளிக்கும் சேர்த்து ஒரு கறுப்பு அட்டைத் துண்டை வையுங்கள். அட்டை கண்ணாடியோடு ஒட்டி இருக்க வேண்டும், விலகினால் ஓரம் மங்கி, துதிக்கையின் சுருளையும் சேர்த்து விழுங்கும். அப்படி ஒரு படம். இந்த இரண்டு படமும் போதும், மீதி தொகுப்பில். முழுத் தலைப்பு 50 ஃபிரேம் நிற்கட்டும். ‘ல்’ இரண்டு ஃபிரேம் அணையட்டும், ஆறு எரியட்டும், மூன்று அணையட்டும், பத்து எரியட்டும். இந்தச் சிறு அணைப்புகள் கண்ணுக்கு மினுக்கல்தான், வாசிக்க நேரம் இருக்காது. கடைசியில் 20 ஃபிரேம் அணைந்தே இருக்கட்டும். வாசித்துவிடுவார்கள். வாசித்த உடனே கறுப்புக்கு வெட்டுங்கள், மங்கவைக்காதீர்கள்.

தமிழ் தெரியாத ஆசிரியர் மதிப்பெண் போடுவார் என்றால் கீழே சின்னதாக ஆங்கிலத் துணைத்தலைப்பு போடுங்கள், அது பெரிய விஷயமில்லை. இணையத்தில் இலவசமாக எடுத்த வயலின் இசையைத் தூக்கிவிடுங்கள். கண்ணாடியில் ஊசி கீறும் சத்தத்தை ஒரு விரற்கடை தூரத்தில் கைப்பேசியை வைத்துத் தனியாகப் பதிவுசெய்து, கோடுகளோடு பொருத்துங்கள். அடியில் பழைய டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் மட்டும் ஓடட்டும். ‘ல்’ அணையும் ஒவ்வொரு முறையும் ரீங்காரத்தையும் அதே ஃபிரேமில் வெட்டுங்கள். சில ஃபிரேம் பிந்தினாலும் சத்தத்துக்கும் எழுத்துக்கும் உறவில்லாமல் போய்விடும்.

கண்ணாடி மூன்று வாங்குங்கள். ஒன்று சோதனைக்கு, ஒன்று கெட்டுப்போவதற்கு.

அன்புடன்.