கெப்புக்குப் பின்னால டீசல் டாங்கி: வாசகர் கேள்வி, எங்கட பதில்

கேள்வி (கொக்கட்டிச்சோலை வாசகர்): அண்ணே, என்னட்ட டீசல் டபுள் கெப் ஒண்டு இருக்கு. வெட்டுக்காலத்தில ரெண்டு வெட்டுமெசினுக்கும் ட்ரக்டருக்கும் டீசல் கொண்டு போக நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் எண்ணெய் செட்டுக்கு ஓட வேண்டியிருக்கு. பின்னால 200 லீற்றர் டாங்கி ஒண்டு பூட்டி, அதில இருந்து கெப் எஞ்சினுக்கும் ஒரு லைன் குடுக்கலாம் எண்டு வெல்டிங் கடைத் தம்பி சொல்றார். வீட்டில பழைய டீசல் பரல் ஒண்டு கிடக்கு, அதையே வெட்டி டாங்கியாக்கலாமாம். செய்யலாமா?

பதில்: டாங்கி வைக்கலாம் தம்பி. ஆனா அந்தப் பரலில ஆரையும் கைவைக்க விடாதீங்க, அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைக் கதைப்பன். நிரம்பின பரலை விட வெறும் பரல்தான் பயம். டீசலுக்குத் தீக்குச்சி போட்டாலும் பத்தாது எண்டு எல்லாரும் சொல்லுவம், ஓம், ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ அது பத்துற அளவுக்கு ஆவி விடாது, ஆனா உள்சுவரில ஒட்டிக்கிடக்கிற மெல்லிசு எண்ணெயில கேஸ் கட்டர் சூடு பட்டா அந்த இடத்தில எத்தனை நூறு பாகை எண்டு யோசிச்சுப் பாருங்க, உள்ளுக்கு ஆவி நிறையும், மூடின சாமான், மறுகா வெட்டுறவர்ர முகத்துக்குத்தான் வெடிக்கும். சவக்காரம் போட்டுக் கழுவினாலும் ஓரத்து மடிப்பில இருக்கிறது போகாது.

புதுத்தகட்டில அடியுங்க. கல்வனைஸ் (நாகம் பூசின தகடு) வேணாம். நான் முதல் அடிப்பிச்சது கல்வனைஸிலதான், துருப்பிடிக்காது எண்ட எண்ணத்தில. ரெண்டு போகம் முடியல்ல, பாரம் ஏத்தினா வண்டி இழுக்காமப் போச்சு, பில்டரைக் கழட்டி வெட்டிப் பார்த்தா மடிப்புக்கு மடிப்பு வெள்ளையா ஒரு பசை, விரலால தேச்சா சவக்காரம் மாதிரி வழுவழு எண்டு இருந்திச்சு. அந்த நாகப் பூச்சு டீசலோட சேர்ந்துதான் அப்பிடி ஆகுது. செம்பும் டீசலைக் கெடுக்கும், அதால செம்புக் குழாயும் வேணாம். 3 மில்லிமீற்றர் அலுமினியம், இல்லாட்டி சாதாரண கறுப்புத் தகடு போதும். உள்ளுக்குக் குறுக்கால ஓட்டை போட்ட தடுப்புத் தகடு கட்டாயம் வேணும். நிறைஞ்ச டாங்கியை விட அரைவாசி டாங்கிதான் மோசம், 100 லீற்றர் டீசல் எண்டா 84 கிலோ, நீங்க பிரேக் அடிக்கேக்க அந்த 84 கிலோவும் ஒரே அலையா முன்னுக்கு வந்து அடிக்கும், வளைவில எண்டா பக்கத்துக்கு இழுக்கும்.

எஞ்சினுக்கு லைன் குடுக்கிற விசயம். என்ர அபிப்பிராயம், வேணாம். டீசல் எஞ்சின் இழுக்கிற எல்லாத்தையும் எரிக்கிறதில்ல, மிச்சத்தை ரிட்டர்ன் லைனால டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். பின்டாங்கியில இருந்து இழுத்துக்கொண்டு ரிட்டர்னை மட்டும் மெயின் டாங்கியிலேயே விட்டா மெயின் நிரம்பி றோட்டெல்லாம் டீசல் வழியும், பின்னால வாற மோட்டார்சைக்கிள்காரர் சறுக்கி விழுவார். ரெண்டு லைனையும் சேர்த்து மாத்துற வால்வு இருக்குத்தான், ஆனா அதைச் சரியாப் பூட்டுற ஆள் வேணும். மெயின் டாங்கிக்கு நேர பைப் இறக்குறதும் அதே கதைதான், பின்டாங்கி உசரத்தில இருக்கு, வால்வை மூட மறந்தா கீழ நிரம்பி வழியும். உங்களுக்குத் தேவை வெட்டுமெசினுக்கு டீசல். டாங்கியைத் தனியா விட்டு, 12 வோல்ட் டீசல் பம்பும் ஹோஸும் முனைத்துப்பாக்கியும் (செட்டில எண்ணெய் அடிக்கிற கைப்பிடி) போடுங்க, கெப்புக்கு வேணுமெண்டா வண்டியை நிப்பாட்டிப்போட்டு மெயின் டாங்கி வாய்க்குள்ள ஹோஸை விட்டு ஊத்துங்க. பம்புக்குப் போற வயரில பட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள பியூஸ் இருக்கோணும், தகட்டில உரசி வயர் கிழிஞ்சா பியூஸ் இல்லாத வயர்தான் நெருப்பாகும். தண்ணி ஹோஸ் போடாதீங்க, டீசலுக்கு எண்டு விக்கிறதையே வாங்குங்க, மற்றது ஊதிப் பிளந்திடும்.

பூட்டுறது கெபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால வாற மாதிரி. தகட்டுத் தரையில மட்டும் நட் போட்டு விட்டா ஒரு இடியில கிழிச்சுக்கொண்டு வரும், போல்ட்டு செசிக்கு (வண்டியின்ட அடிச் சட்டத்துக்கு) போகோணும், கீழ பெரிய பட்டைத் தகடும் வேணும். துளைக்க முதல் வண்டிக்குக் கீழ படுத்துப் பாருங்க, உங்கட மெயின் டாங்கியும் பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் ஓடும். டாங்கிக்கும் தரைக்கும் நடுவில தடிச்ச ரப்பர் வையுங்க. டாங்கியில இருந்து செசிக்கு ஒரு எர்த் வயர் குடுங்க.

வாய் வரைக்கும் நிரப்பாதீங்க. காலையில நிலத்தடி டாங்கியில இருந்து வாற டீசல், மத்தியானம் வயல் வெளியில வெயிலில 20 பாகை கூடச் சூடானா 200 லீற்றருக்கு மூண்டு லீற்றருக்கு மேல விரியும். அதுக்கு இடம் விடோணும், காத்துப் போற துவாரமும் வேணும், வண்டி கவிண்டா தானா மூடுற வால்வோட. அடியில ஒரு வடிகால் ஆணியும் வையுங்க, இரவுப் பனிக்கு உள்சுவரில தண்ணி கட்டி அடிக்கு இறங்கும், கிழமைக்கு ஒருதரம் அரைக் கிளாஸ் வடிச்சுப் பாருங்க.

செய்ய முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலயும் உங்கட இன்சூரன்ஸ்காரரிட்டயும் எழுத்தில கேட்டு வையுங்க. பூட்டின பிறகு கேட்டா விபத்து ஒண்டு நடந்தா இன்சூரன்ஸ் கையை விரிக்கும். பவுடர் தீயணைப்பான் ஒண்டு முன் சீற்றுக்குக் கீழ இருக்கட்டும், எண்ணெய் நெருப்புக்குத் தண்ணி ஊத்தினா நெருப்பு மிதந்து பரவும்.

கேள்வி (திருக்கோவில் வாசகர்): இதே மாதிரி டாங்கியில தோட்டத்து பம்புக்கும் எஞ்சின் போட்டுக்கும் (படகுக்கும்) பெற்றோல் கொண்டு போகலாமா? இல்லாட்டி கேன்தானா?

பதில்: டாங்கியில வேணவே வேணாம். பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயே பத்துற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காத்தை விடப் பாரம், மேல போகாம கெப் தரையில பரந்து கிடக்கும். டீசல் பம்பின்ட மோட்டார் பொறியே அதுக்குப் போதும். கேனில கொஞ்சமாக் கொண்டு போங்க, பெற்றோலுக்கு எண்டு செஞ்ச கேனில.

ஒண்டு மட்டும் மறக்காதீங்க: கேனை வண்டியில வச்சபடி நிரப்பாதீங்க. பின்னால பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தா ஊத்தேக்க உண்டாகிற நிலைமின்சாரம் நிலத்துக்கு இறங்க வழியில்ல, முனை கிட்டப் போகேக்க பொறி பாயும். இறக்கி சீமெந்துத் தரையில வச்சு, முனையை கேன் வாயில தொட்டபடி மெதுவா நிரப்புங்க. 2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில வாங்கின கேனுகள் இன்னும் வீட்டுக்குள்ள, குசினிக்குப் பக்கத்தில கிடந்தா இண்டைக்கே வெளியால எடுங்க, தங்கச்சி தம்பிமார் நடமாடுற இடம்.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): கூரைக்கு வைக்கிற 500 லீற்றர் கறுப்புத் தண்ணி டாங்கியைக் கயித்தால கட்டிக் கொண்டு போனா என்ன?

பதில்: போகாதீங்க காக்கா. அது அசையாம ஒரு இடத்தில நிக்கச் செஞ்ச சாமான், உள்ளுக்குத் தடுப்பு இல்ல, மூடி இறுகாது, 500 லீற்றர் டீசல் எண்டா 420 கிலோ, எந்தக் கயிறு தாங்கும்?