கழிமுகத்துச் சேறும் நண்டுச் சாறும்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டிப் பக்கமிருந்து வரும் நண்டில் அடிக்கடி சாறு வைக்கிறோம். கழிமுகத்து நண்டில் காட்மியம், பாதரசம் எல்லாம் சேரும் என்கிறார்களே, மஞ்சள் போட்டுக் கழுவினால் போகுமா?
– வாசகி, காரைக்குடி

போகாது. மஞ்சளும் உப்பும் கவிச்சியை எடுக்கும். சதையின் புரதத்தோடு பிணைந்த உலோகத்தை எடுக்காது. எவ்வளவு கொதித்தாலும் உலோகம் அழியாது. தொண்டி நண்டே நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் எந்த ஊர் நண்டானாலும் ஒன்று செய்யலாம்.

காட்மியம் நண்டின் சதையில் குறைவு. மேலோட்டுக்குள் பழுப்பு மஞ்சளாக இருக்கிறதே கூழ், அந்தச் செரிமானச் சுரப்பியில்தான் மிக அதிகம். நண்டை அப்படியே தட்டிப் போட்டால் அதில் ஒரு பகுதி சாற்றில் இறங்கிவிடும். ஆகவே ஓட்டைக் கழற்றி, செவுளோடு கூழையும் வழித்தெறிந்து, இரண்டு தண்ணீர் அலசிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெந்த பிறகு எடுத்தால் சாற்றில் இறங்கியது இறங்கியதுதான். கெட்டியாக ஆரஞ்சு நிறத்தில் இருப்பது சினை; அது வேறு. ருசி கொஞ்சம் குறையும்தான். ஆனால் காட்மியம் நம் சிறுநீரகத்தில் 10 ஆண்டுக்கு மேலும் தங்கும். அந்த ருசியை விட்டுக்கொடுக்கலாம்.

பாதரசத்துக்கு இந்த வழி உதவாது. உயிர்வளி இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்கும். சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அது சதையிலேயே கூடிக்கொண்டு போய், பெரிய சுறாவில் உச்சத்தைத் தொடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப்புட்டு கொடுக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரிய சுறா வேண்டாம். காரல் மீன் சாறு கொடுங்கள்.

கல்லூரி மாணவர்களை வைத்துக் கழிமுகத்தில் உலோகம் எவ்வளவு என்று சோதிக்க விரும்புகிறோம். தண்ணீர் மட்டும் எடுத்தால் போதாதா?
– ஆசிரியர், தேவகோட்டை

போதாது. ஆற்றுநீர் உப்புநீரைத் தொட்டதும் களிமண் துகள்கள் திரண்டு படியும். ஈயமும் செம்பும் அவற்றோடு இறங்கிவிடும். காட்மியமோ கடல் உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து துகளைவிட்டு நீரில் கரையும். கடல் ஏற்றத்தில் ஓர் அளவு, வற்றத்தில் ஓர் அளவு என்று தண்ணீர் உங்களை ஏமாற்றும். சேறுதான் ஆண்டுக்கணக்கை வைத்திருக்கும்.

வற்றத்தில் போங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். ஓர் இடத்தில் நாலைந்து குழியிலிருந்து மேல் 5 செ.மீ. சேற்றை மட்டும் எடுத்துக் கலந்து, 200 கிராம் பையிலிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பாதரசம் பார்ப்பதானால் 40 டிகிரிக்கு மேல் காயவைக்காதீர்கள், ஆவியாகிவிடும். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் சலிக்க வேண்டும். மணல் கலந்தால் அளவு பொய்யாகக் குறையும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆற்றின் மேல்பக்கத்திலும் ஒரு மாதிரி எடுங்கள், ஒப்பிட வேண்டுமே.

தண்ணீரும் எடுப்பதானால் முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள், அதன் பிறகே நைட்ரிக் அமிலம் சேருங்கள். மாற்றிச் செய்தால் துகளில் ஒட்டியதெல்லாம் கரைந்து அளவு ஏறிவிடும்.

மீன் செத்து மிதக்கவில்லையே, பிறகென்ன கவலை?
– வாசகர், புதுவயல்

வளர்ந்த மீன் தாங்கும். முட்டையும் குஞ்சும் தாங்காது. செம்பு செவுளில் சோடியம் உறிஞ்சுவதைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு குறையும்போது அதன் கடுமை கூடும். தன் பழைய ஓட்டை உரித்த நண்டு புது ஓட்டுக்காகக் கால்சியத்தை அவசரமாக இழுக்கிற நேரத்தில் காட்மியமும் அதே வாசலில் நுழையும். தூர்வாரினால், சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகக் கட்டுண்டிருந்த உலோகம் காற்றுப்பட்டு வெளியேறும். பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் அந்த நாட்களில் கழிமுகத் தண்ணீரை ஏற்றாமல் இருப்பது நல்லது.