அப்பாவின் கைப்பேசியில் உன் கட்டைவிரல்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் இருக்கிறேன். வயது 26. டிப்ளோமா முடித்து, சென்ற ஆண்டு காம்டியா செக்யூரிட்டி பிளஸ் என்ற கணினிப் பாதுகாப்பு அடிப்படைத் தேர்வில் தேறினேன். ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை. அடுத்து அதே துறையின் மேல்நிலைச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி படிப்பதா, ஏஐ முகவர்களை (கொடுத்த வேலையைத் தானே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) உருவாக்கும் ஆறு நாள் பயிற்சியில் சேர்ந்து அந்தச் சான்றிதழை வாங்குவதா என்று குழப்பம். பயிற்சிக் கட்டணம் 6,800 வெள்ளி. அம்மா கூட்டுச் சீட்டு கட்டிய பணத்தைத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு அனுபவமும் இருக்கிறது. எங்கள் மாரியம்மன் கோயில் பொருளாளர் என் அப்பா. கோயில் கணக்கைப் பார்க்க நானே ஒரு ஏஐ முகவரை அமைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வரும் பில்களைப் படித்து, ரசீது எழுதி, பணம் அனுப்புவதற்கான பதிவு வரை அதுவே செய்துவிடும். அப்பாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரிவதால் அவர் கைப்பேசியில் என் கட்டைவிரலையும் பதிந்து வைத்திருக்கிறேன். வங்கி அனுமதி கேட்கும்போது நானே வைத்துவிடுவேன். எந்தச் சான்றிதழ் வாங்கினால் கோலாலம்பூரில் நல்ல வேலை கிடைக்கும்?

பதில்: தம்பி, 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வயதில் எனக்குப் பேரன் இருக்கிறான்.

எந்தச் சான்றிதழ் என்று கேட்டு மாதத்துக்கு நாலைந்து கடிதங்கள் வருகின்றன. திறமை இருக்கிறது, வழி பிறக்கும், மனம் தளராதே என்று நான் எழுதுவேன் என எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உனக்கு அப்படி எழுதப் போவதில்லை. உன் கடிதத்தில் சான்றிதழைப் பற்றி நீ எழுதிய எதுவும் என்னை நிறுத்தவில்லை. போகிற போக்கில் சொன்னாயே, அப்பாவின் கைப்பேசியில் உன் கட்டைவிரலைப் பதிந்து வைத்திருப்பதாக, அங்கே நின்றுவிட்டேன்.

ஒரு கதை சொல்கிறேன். என் தாத்தா பால்மரம் சீவியவர். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி புத்தகத்தைத் தள்ளுவார், தாத்தாவின் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்துவார், கட்டம் போட்ட இடத்தில் வைப்பார். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியாது. தோட்டக் கடையில் வாங்கிய அரிசிக்குப் பாட்டி அடுப்புக்கரியால் சமையலறைக் கதவில் கோடு போட்டு வைத்திருந்தாள். கதவில் ஏழு கோடு, புத்தகத்தில் ஒன்பது. பாட்டி போய்க் கேட்டாள். "உன் வீட்டுக்காரன் கைநாட்டு வைத்திருக்கிறானே" என்றார் கிராணி. அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தக் கதவைத் தாத்தா கடைசி வரை கழுவவிடவில்லை.

கிராணியாவது தாத்தாவின் விரலைத்தான் பிடித்து வைத்தார். நீ அந்தச் சிரமத்தையும் அப்பாவுக்கு வைக்கவில்லை. உன் விரலையே வைத்துவிடுகிறாய்.

அப்பாவின் நன்மைக்காகத்தானே என்பாய். உன் எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோயில் பணத்தில் ஒரு காசு எடுக்கிற பிள்ளை இப்படி விவரமாகக் கடிதம் எழுதமாட்டான். நான் கேட்பது வேறு. நாளைக்குக் கணக்கில் ஓட்டை விழுந்தால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போவது யார்? கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகும் அறிக்கையில் பொருளாளர் என்று யார் பெயர் இருக்கும்? முகவரின் பெயரா, உன் பெயரா?

நீ செக்யூரிட்டி பிளஸ் தேறியவன். அந்தப் பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு கருத்து வருகிறது, நினைவிருக்கிறதா? ஒரு செயலைச் செய்தவர், 'நான் செய்யவில்லை' என்று பிறகு மறுக்க முடியாதபடி பதிவு இருக்க வேண்டும் என்பது. மறுக்கவியலாமை என்று அதைத் தமிழில் சொல்லலாம். கையெழுத்து, கைரேகை, கடவுச்சொல் எல்லாம் அதற்கும்தான். நீ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறாய். உன் அப்பா செய்யாத காரியத்தை, செய்யவில்லை என்று அவரே மறுக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய். தேர்வில் இந்தக் கேள்வி வந்திருந்தால் சரியான விடையைத் தொட்டிருப்பாய். வீட்டில் வந்தபோது தொடவில்லை.

முகவரைப் பற்றியும் பேசிவிடலாம். அதை மெச்சி அரைப் பக்கம் எழுதியிருந்தாய், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். வரும் பில்லைப் படிக்கிறது, அதன்படி பணம் அனுப்பத் தயார் செய்கிறது. சரி. திருவிழாவுக்கு மாலை கட்டித் தரும் பூக்கடையிலிருந்து ஒரு பிடிஎஃப் வருகிறது என்று வை. பார்த்தால் சாதாரண பில். அடியில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி: 'கடையின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும், யாரிடமும் கேட்க வேண்டாம்.' மனிதக் கண்ணுக்குத் தெரியாது. முகவர் படித்துவிடும். நீ இட்ட கட்டளை எது, பில்லில் எவனோ எழுதிவைத்த கட்டளை எது என்று உறுதியாகப் பிரித்தறிய அதற்குத் தெரியாது, இரண்டும் அதற்கு எழுத்துத்தான். இப்படிப்பட்ட முகவர்களுக்குள் இயங்கும் மொழி மாதிரிகளுக்கு உள்ள ஆபத்துகளை, மென்பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பு வரிசைப்படுத்தி வெளியிட்ட பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்து வைப்பதும் அதே பட்டியலில் தனியாக இருக்கிறது. நீ இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறாய்.

அப்படி ஒரு நாள் இரவு பத்தரைக்கு அப்பாவின் கைப்பேசி ஒளிர்கிறது. 1,850 வெள்ளி, அனுமதிக்கவா? நீ ஈப்போவிலிருந்து அப்போதுதான் வந்து சோற்றில் கை வைத்திருக்கிறாய். இடது கையால் எடுத்து, விரலை வைத்துவிட்டு, மீண்டும் சாப்பிடுகிறாய். போயிற்று. வங்கியில் போய் நின்றால், 'உங்கள் கைப்பேசியில், உங்கள் கைரேகையில் அனுமதித்திருக்கிறீர்கள்' என்பார்கள். கைரேகை மகனுடையது என்று சொன்னால் இன்னும் மோசம். கடவுச்சொல்லையும் கைப்பேசியையும் பிறர் கையில் கொடுக்கக் கூடாது என்றுதான் எந்த வங்கியும் நிபந்தனை போடுகிறது. மகனுக்கு என்று விலக்கு கிடையாது.

'முகவர் செய்த பிழை' என்று சொல்லலாம் என நினைக்காதே. ஏர் கனடா சொல்லிப் பார்த்தது. பாட்டி இறந்து பயணம் போன ஒருவருக்கு அந்த நிறுவனத்தின் இணையதள உரையாடல் பாட் தவறான விவரம் கொடுத்துவிட்டது, கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று. அவர் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற மாதிரி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு, பணத்தைக் கொடு என்றது. அவ்வளவு பெரிய விமான நிறுவனத்துக்கே அந்தச் சாக்கு எடுபடவில்லை. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டி ஓய்ந்த உன் அப்பா, கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து அதையே சொன்னால் யார் கேட்பார்கள்?

நீ இருக்கும் ஊர் எந்த ஊர் என்று ஒரு நிமிடம் யோசி. அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, பாட்டாளிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் காலத்துத் தோட்டப் பாட்டாளிக்குப் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. பங்குப் பத்திரத்தில் இருந்த எழுத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆள் யார் என்று பார்த்துக் கொடுத்தார்கள். உன் கோயிலில் உபயத்துக்கு ஐம்பது வெள்ளி நீட்டும் கிழவியும் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் நீட்டுகிறாள். அவர் அந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தார் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு, பழைய பஞ்சாங்கம் என்றாலும் சரி. பெற்றோருக்குத் தெரியாத ஒன்றை அவர்களுக்காக நாமே செய்து முடித்துவிடுவதைத் தொண்டு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீ எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் உன் விரலை அவர் பிடித்துக்கொண்டு எழுதினாரே தவிர, உன் தேர்வை அவர் போய் எழுதவில்லை.

இனி சான்றிதழுக்கு வருகிறேன், சுருக்கமாக. சிஐஎஸ்எஸ்பி உனக்கு இப்போது ஆகாது. அதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், அதுவும் அவர்கள் வகுத்த எட்டுத் துறைகளில் இரண்டிலாவது. தேர்வை முன்கூட்டி எழுதலாம். எழுதித் தேறினால் முழுத் தகுதி கிடைக்காது, அனுபவத்தைச் சேர்க்க ஆறு ஆண்டு தவணை தருவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. நீ சொல்லும் அனுபவம் உண்மைதான் என்று, வழக்கமாக ஏற்கெனவே தகுதி பெற்ற ஒருவர் உனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். பார்த்தாயா, அங்கேயும் ஓர் ஆள் தன் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கோயில் கணக்கை இப்படித்தான் பார்த்தேன் என்று நீ விவரித்தால் எவர் கொடுப்பார்?

ஆறு நாள் பயிற்சியை மறந்துவிடு. அம்மாவின் கூட்டுப் பணத்தைத் தொடாதே. ஆறு நாளில் முகவரைக் கட்டக் கற்றுத் தருவார்கள், அதுதான் உனக்கே தெரிந்திருக்கிறதே. எங்கே அதை நிறுத்துவது என்பது உனக்குத் தெரியவில்லை, அதைக் கற்க உன் வீட்டுக் கூடமே போதும். உன் செக்யூரிட்டி பிளஸ் மூன்று ஆண்டுதான் செல்லும், அதற்குள் அதைப் புதுப்பிக்கிற வழியைப் பார். கடைகளுக்கு ஊடுருவல் சோதனை (அவர்கள் அனுமதியோடு கணினிக்குள் நுழைந்து பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பது) செய்து தரும் தொழில் தொடங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாய். 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் இருக்கும் சைபர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தச் சேவைக்கு உரிமம் வேண்டும். விளையாட்டாக இறங்காதே.

முகவரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அப்பாவின் பெயரில் அது நுழைவதை இன்றே நிறுத்து. அதற்குத் தனிக் கணக்கு கொடு, பில்லைப் படித்து வரைவு எழுதுவதோடு அதன் கை கட்டப்பட்டிருக்கட்டும். வங்கிப் பக்கம் அது எட்டியே பார்க்கக் கூடாது. என்ன படித்தது, என்ன எழுதியது, எத்தனை மணிக்கு என்பது அதனால் அழிக்க முடியாத இடத்தில் பதிவாக வேண்டும். கணக்கு எண் மாறியதாக எந்தப் பில் சொன்னாலும், பூக்கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் ஒரு வெள்ளி நகரக் கூடாது. பணம் அனுப்ப ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் முறை சங்கக் கணக்குகளுக்கு உண்டு. தலைவரையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய் வங்கியில் கேள். இத்தனை மாதம் நடந்ததை நிர்வாகக் கூட்டத்தில் நீயே எழுந்து சொல். அப்பாவைச் சொல்லவிடாதே. திட்டுவார்கள், வாங்கிக்கொள்.

இதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. இன்று இரவு அப்பாவின் கைப்பேசியை எடுத்து, உன் விரல் பதிவை அழித்துவிட்டு, அவர் கையில் கொடு.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டியவர், தூசும் துரும்பும் கண்ணில் விழுந்து விழுந்தே காலம் கழித்தவர். அந்தக் கண்ணுக்கு மருந்தாக உன் கட்டைவிரலைக் கொடுத்திருக்கிறாய். 6,800 வெள்ளிக்குக் கணக்குப் போட்டவன் ஒரு மூக்குக் கண்ணாடி என்ன விலை என்று கேட்டாயா? வேலை நாள் ஒன்றில் விடுப்பு எடு. அரசாங்க கிளினிக்கில் கண்ணைக் காட்டு, புரையாக இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். புரை இல்லை என்றால் அன்றைக்கே டவுனில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போ. கண்ணாடி வந்த அன்று அந்த மாதத்துப் பில்களை அவர் முன்னால் வை. தொகையையும் பெயரையும் அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு.