டீசல் மிதக்கும் தண்ணீரில் சோப்பு போடாதீர்கள்

கேள்வி: இன்ஜின் டேங்கில் கசிவு ஏற்பட்டு, இரவோடு இரவாக ஐந்து லிட்டர் டீசல் வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஒரு மா (சுமார் 33 சென்ட்) நாற்றங்கால் முழுக்க வானவில் நிறத்தில் மிதக்கிறது. எண்ணெய் உறிஞ்சும் வெள்ளைத் துணி எத்தனை வாங்க வேண்டும்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: துணி வாங்கப் போகும் முன் வயல் மடையை அடைத்துவிடுங்கள். சோப்புத் தூள், பாத்திரம் துலக்கும் திரவம் எதையும் தெளிக்காதீர்கள். நிறம் மறையும், டீசல் மறையாது. பொடிப்பொடியாகித் தண்ணீருக்குள் கலந்துவிடும். அதன்பின் எந்தத் துணியாலும் எடுக்க முடியாது.

நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். படலம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்று வைத்தால், ஒரு மா பரப்பில் இருப்பது சுமார் 1.3 லிட்டர்தான். மீதி டீசல் இன்ஜின் மேடையடி மண்ணிலும் வாய்க்கால் ஓரப் புல்லிலும் நிற்கும். முதல் வேலை அங்கேதான். டீசல் ஊறிய மண்ணை வெட்டி மூடியுள்ள டின்னில் அள்ளுங்கள்; சேற்றுக்குள் இறங்கியதை இந்தத் துணி இழுக்காது.

40 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துண்டு ஒன்று 40 கிராம் இருக்கும். எடையைப்போலப் பத்து மடங்கு என்று கணக்கிட்டால், ஒரு துண்டு சுமார் அரை லிட்டர் டீசல் பிடிக்கும். ஐந்து லிட்டருக்குப் பத்துத் துண்டு; கையிருப்பாக ஐந்து சேர்த்து வாங்குங்கள். வயலில் துண்டுகளைப் பரவலாகப் போட்டால் பாதி வீணாகும். காற்று படலத்தை எந்த வரப்போரம் ஒதுக்குகிறதோ அங்கே விரித்து, ஒரு பக்கம் நிறைந்ததும் புரட்டிப் போடுங்கள். தூக்கும்போது சொட்டும், அதனால் வாளியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதென்றால் ஓர் இலையை மிதக்கவிடுங்கள். ஒரு மீட்டரை மூன்று வினாடிக்குள் கடந்தால், குறுக்கே நேராகக் கட்டும் உறிஞ்சு உருளைக்கு (எண்ணெய் உறிஞ்சும் பொருள் அடைத்த நீள மிதவை) அடியில் டீசல் நழுவிப் போய்விடும். உருளையைச் சாய்வாகக் கட்டி, டீசலைக் கரையோரம் ஒதுக்கி அங்கே அள்ளுங்கள். இதைவிட நல்ல வழி, மண்மூட்டை அடுக்கி ஒரு குறுக்கணை போட்டு, அதன் ஊடே பிவிசி குழாய் வைப்பது. தண்ணீர் வரும் பக்கத்துக் குழாய் வாய் தண்ணீருக்குள் ஆழமாகவும், வெளியேறும் பக்கத்து வாய் அதைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். அடித்தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும், மேலே மிதக்கும் டீசல் அணைக்கு முன்னாலேயே தேங்கும். குழாய் சிறுத்தால் தண்ணீர் அணையேறி டீசலையும் தள்ளிக்கொண்டு போகும். ஒன்று போதாவிட்டால் இரண்டு வையுங்கள்.

கேள்வி: விசைப்படகின் இன்ஜினடியில் தேங்கும் தண்ணீரில் இந்தத் துணியைப் போட்டோம். எண்ணெயை எடுக்காமல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. போலியா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: நல்ல துணியாகவே இருக்கலாம். இன்ஜினைக் கழுவிய சோப்புத் தண்ணீர் அங்கே நின்றிருந்தால் இப்படித்தான் ஆகும். இது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி ஊதி எடுக்கும் நெய்யாத் துணி. மூன்று அடுக்கு முகக்கவசத்தின் நடு அடுக்கும் இதே வகை. இழைகள் சில மைக்ரான் கனமே என்பதால் இடைவெளிகளில் எண்ணெய் ஏறி நிற்கிறது. தண்ணீர் ஒட்டாது. சோப்பு கலந்தால் அந்தத் தண்ணீரும் உள்ளே ஏறிவிடும்.

வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு ஓட வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் உடனே இறங்க வேண்டும், வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டால் மேலே வர வேண்டும். பொதுவாகச் சாம்பல் நிறத் துணி தண்ணீரையும் உறிஞ்சும் வகை. படகுக்கு அது ஆகாது. துணியைக் கயிற்றில் கட்டிப் போடுங்கள். இல்லையென்றால் பம்பின் உறிஞ்சுவாயை அடைத்துவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு வைக்கோல் போடலாமா? (திருவையாறு வாசகர்)

பதில்: வைக்கோல் தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும், சில மணி நேரத்தில் கனத்து அமிழத் தொடங்கும். போட்ட வேகத்தில் வாரிவிடுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் அதுவே மேல். அந்த இழை உள்ளே குழல், வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீரை ஏற்காது, எண்ணெயை நன்றாகப் பிடிக்கும். பஞ்சை அப்படியே தூவினால் காற்றில் பறந்து வயலெல்லாம் ஒட்டும். கொசுவலைத் துணியில் தளர்வாக அடைத்துத் தைத்து மிதக்கவிடுங்கள்.

கேள்வி: பட்டறையில் சேரும் எண்ணெய்த் துணியைப் பிழிந்து மறுபடி பயன்படுத்தலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இரண்டு மூன்று முறை பிழியலாம், கையுறை போட்டுக்கொண்டு. ஒவ்வொரு முறையும் இழை நசுங்குவதால் பிடிக்கும் அளவு குறையும். பெட்ரோல் துடைத்ததைப் பிழியவே வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். எண்ணெய் ஊறிய துணி 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. கொளுத்தவோ ஊர்க் குப்பையில் கொட்டவோ கூடாது. மூடியுள்ள டிரம்மில் தனியே சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். புதுத் துணியையும் வெயில் படாமல் வையுங்கள். வெயிலில் கிடந்தால் தொட்டதும் பொடிந்து உதிரும்.